இருட்டறையில் கண்டது

கற்றறிந்த பேராசிரியர் ஒருவர், இருட்டறையில் புதியதொரு கதிரைக் கண்டேன் என்கிறார். பொய் சொல்பவரல்லர். அவர் சொல்லை ஏற்றுக்கொள்ளலாமா என்பதே இவ்வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

1903ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு நான்சி நகரத்துப் பௌதிகப் பேராசிரியர் பிளாந்லோ, 'என் கதிர்கள்' என்பவற்றைக் கண்டதாக அறிவித்தார். கதிர் பட்டதும் மங்கிய ஒளி சற்றே பிரகாசிக்குமாம். அதைக் காணும் கருவி மனிதக் கண்தான். அந்நாட்டவர் பலர் தாமும் கண்டோம் என்றனர். பிறநாட்டார் பலருக்கோ ஒன்றும் தென்படவில்லை. 1904இல் அமெரிக்கப் பௌதிகர் வூட் நேரில் சென்றார். இருளைப் பயன்படுத்தி, கதிரைப் பிரிப்பதாகச் சொல்லப்பட்ட அலுமினிய அரியத்தை ஓசையின்றி எடுத்துவிட்டார். பேராசிரியரோ முன்போலவே அளவுகளை வாசித்துக்கொண்டிருந்தார்! வூட் இதை வெளியிட்டபின் என் கதிர்களின் மதிப்பு சரிந்தது. பிளாந்லோ பிறரை ஏமாற்றியவரல்லர். காண விரும்பியதைக் கண்டவர், அவ்வளவே.

இனிக் கல்கத்தாவுக்கு வருவோம். 1928 பெப்ரவரி 28ஆம் நாள், திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன், திரவங்களிற் சிதறும் ஒளியின் ஒரு பகுதி நிறம் மாறுவதைத் தெளிவுறக் கண்டார். உடனுழைத்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். ஒரு திரவத்தோடு நின்றாரில்லை. ஏறத்தாழ அறுபது திரவங்களைச் சோதித்தனர். செய்த முறையையும் மறைக்காமல் வெளியிட்டனர். ஜெர்மனியில் பிரிங்சைம் அதைச் செய்து பார்த்து 'இராமன் விளைவு' என்று பெயரிட்டார். மொஸ்கோவில் லான்ட்ஸ்பெர்க், மண்டெல்ஸ்டாம் இருவரும் இராமனைப் பின்பற்றாமலே பளிங்குகளில் அதனைக் கண்டிருந்தனர். அமெரிக்காவிலும் ஒருவர் செய்து பார்த்துச் சரியென்று 'நேச்சர்' சஞ்சிகைக்குத் தந்தியடித்தார். அவர் யார் தெரியுமா? அதே வூட்! நான்சியில் அரியத்தை எடுத்த கைதான் இராமனுக்குச் சான்றளித்தது. 1930இல் நோபெல் பரிசு கிடைத்தது.

நம் கல்முனைப் பக்கத்து உயர்தர வகுப்பு மாணவர் குறிப்பேடுகளைத் திருத்தும்போது இக்கதை நமக்கு நினைவுக்கு வருவதுண்டு. ஊசற் பரிசோதனையில் புவியீர்ப்பு ஆர்முடுகல் எல்லோருக்கும் பிசகாமல் 9.8 என்றே வந்துவிடுகிறது. நூலின் நீளம் எவ்வளவு, எத்தனை அலைவுகளை எண்ணினர் என்பவை மட்டும் பல ஏடுகளில் இல்லை. அவற்றை ஒழுங்காகக் குறித்து 9.5 என்று எழுதும் மாணவிக்கே நாம் கூடுதற் புள்ளி இடுகிறோம். அவள் ஏட்டை வைத்துக்கொண்டு அடுத்த மேசையில் இருப்பவர் அதே ஊசலை ஆட்டிப் பார்க்கலாம். தவறு எங்கே நேர்ந்ததென்றும் கண்டுபிடிக்கலாம்.