சுபம் இல்லாத திரை

‘பிள்ளைகள் கைப்பேசியை விடமாட்டேன் என்கிறார்கள், வாங்கி வைத்தால் அழுகிறார்கள்’ என்று இலக்கியக் கூட்டங்களில் புலம்பும் நண்பர்களிடம் ஒரு கேள்வி: அதை அவர்கள் கையில் கொடுத்தவர் யார்?

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது கைப்பேசிதான் வகுப்பறை என்றோம். பள்ளிகள் திறந்தபின் அதையே பிசாசு என்கிறோம். எங்கள் ஏரியூர்ப் பக்கத்தில், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன தாயின் முகமும் அந்தத் திரையில்தான் தெரிகிறது. அதை வெடுக்கென்று பிடுங்கினால் பிள்ளை அழாமல் என்ன செய்யும்?

இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. அந்த வரம்பில் எனக்கு மறுப்பில்லை. பிடுங்குவதையே கண்டிப்பு என்று நினைப்பதில்தான் மறுப்பு.

தெருக்கூத்துக்கு விடியலில் மங்களம் உண்டு. பழைய படங்களுக்குச் ‘சுபம்’ உண்டு. பாட்டியின் கதைகூடக் கத்தரிக்காய் காய்த்ததும் முடிந்துவிடும். யூடியூபிலோ ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானே ஓடுகிறது. முடிவே வராதபடி செய்யப்பட்ட ஒன்றை ஐந்து வயதுக் குழந்தை தானாக முடித்துக்கொள்ள வேண்டுமென எதிர்பார்ப்பது அநியாயம்.

முடிவை உண்டாக்கித் தருவது பெரியவர்களின் கடன். தானாக ஓடும் வசதியை அணைத்துவையுங்கள். ‘இந்தப் பாட்டு முடிந்ததும் ஆட்டைக் கட்டப் போகலாம்’ என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்னபடி எழுந்து, பிள்ளையோடு நீங்களும் போங்கள். அதற்குமுன் உங்கள் கைப்பேசியைக் கீழே வையுங்கள்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்பவர்கள் பிள்ளையின் பிடிவாதத்தைப் பற்றிப் பேசாதிருக்கலாம்.