“ரொம்பச் சூடு” என்றால் எவ்வளவு சூடு?

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை. இரவு ஷிப்டு முடியும் நேரம். பிட்டர் ஒருவர் மோட்டாரின் பேரிங் மீது கை வைத்துப் பார்க்கிறார். சுரீர் என்கிறது! வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்கிறார். அடுத்து வருகிறவருக்கு அதை லாக் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். தமிழில் என்றால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்: “கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு.” ஆனால் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. யோசித்து யோசித்து எழுதுகிறார்: “பேரிங் வெரி ஹாட்.”

காலை ஷிப்டுக்காரர் அதைப் படிக்கிறார். ‘ஓடின மோட்டார் சூடாகத்தானே இருக்கும்!’ என்று பொத்தானை அழுத்துகிறார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் நடக்க முடியாத காட்சி அல்ல.

பிட்டர் எழுதியதில் பொய் இல்லை. ஆனாலும் சேதி போய்ச் சேரவில்லை. சூடு என்பது பாதிச் சேதி. அந்தச் சூட்டினால் என்ன ஆகிறது என்பதுதான் மீதிச் சேதி. இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்கென்றே ஆங்கிலத்தில் ஒரு வாக்கிய அமைப்பு உண்டு. “தி பேரிங் இஸ் ஸோ ஹாட் தட் யூ கேனாட் டச் இட்.” முதலில் ‘ஸோ’, அடுத்துத் தன்மை, பிறகு ‘தட்’, கடைசியில் விளைவு.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பாடம் அந்தப் பிட்டருக்குத் தெரியும்! பத்தாம் வகுப்பில் படித்திருக்கிறார். “‘டூ–டு’ வாக்கியத்தை ‘ஸோ–தட்’ வாக்கியமாக மாற்றுக” என்ற கேள்விக்கு விடை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறார். ‘டூ’ இருந்த இடத்தில் ‘ஸோ’ போடு, ‘டு’வை எடுத்துவிட்டு ‘தட்’ போடு, ‘கேனாட்’ சேர்த்துக்கொள்; கணக்கு முடிந்தது. கூட்டல் கழித்தல் மாதிரி கற்ற பாடம் பரீட்சையோடு போயிற்று.

கணக்கில் ஒரு சின்னப் பிசகு ஏற்பட்டால் என்ன ஆகும்? ‘டூ ஹெவி டு லிஃப்ட்’ என்பதில் ‘நாட்’ என்ற சொல்லே கிடையாது. ‘முடியாது’ என்ற பொருள் ‘டூ’ என்ற சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. மாற்றி எழுதும்போது அதை வெளியே கொண்டுவர வேண்டும். மாணவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். “பெட்டி மிகவும் கனம், ஆகவே தூக்கலாம்” என்று ஆகிவிடும். பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரு மார்க் குறையும். கிரேன் ஓடுகிற இடத்தில்?

இந்த மாற்றி எழுதும் பயிற்சி நேற்று முளைத்தது அல்ல. 1930-களில் ரென், மார்ட்டின் என்ற இருவர் இந்திய மாணவர்களுக்காக எழுதிய இலக்கண நூலில் இது இருந்தது. ரென் வேறு யாரும் அல்ல. ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலை எழுதியவர்தான். பாலைவனத்துச் சிப்பாய்களைப் பற்றி அவர் எழுதிய கதையை இன்று படிப்பவர் குறைவு. இலக்கணமோ இன்னும் கடைகளில் விற்பனை ஆகிறது!

மனப்பாடம் வேண்டாம், பேசிப் பழக்குவோம் என்று சென்னை ராஜ்யத்தில் ஒரு பெரிய முயற்சியும் நடந்தது. 1959-ல், பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையுடன், 27,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் புதிய முறையில் பயிற்சி தரத் திட்டமிட்டார்கள். சிலரைப் பழக்குவது, அவர்கள் மற்றவர்களைப் பழக்குவது என்று உருண்டு பெருகும் திட்டம் என்பதால் ‘சென்னைப் பனிப்பந்து’ என்று பெயர். பனியே பார்க்காத ஊருக்கு இப்படி ஒரு பெயர்! கை மாற மாறச் சாரம் குறைந்துவிட்டது என்ற குறை பிற்பாடு எழுந்தது.

பிறகு 1979-ல் என். எஸ். பிரபு என்ற அறிஞர் பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் வேறு சோதனையைத் தொடங்கினார். அது ஐந்து ஆண்டுகள் நடந்தது. வாக்கிய அமைப்பை வரிசையாகப் பாடம் நடத்தவில்லை. ரயில் நேர அட்டவணை, ஊர் வரைபடம் ஆகியவற்றைக் கையில் கொடுத்து, ஒரு வேலையைச் செய்து முடிக்கச் சொன்னார்கள். பொருளில் கருத்து ஊன்றினால் இலக்கணம் தானே படியும் என்பது பிரபுவின் கொள்கை. 1987-ல் அவர் இதைப் பற்றி எழுதிய நூல் உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்களிடையே பேசப்பட்டது. ஆனால் நம் பரீட்சைத் தாளில் ‘டூ–டு’ கேள்வி அசையவில்லை.

இதற்கிடையே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமே மாறிவிட்டது. ராமானுஜர் பிறந்த ஊர் என்று பெயர் பெற்ற இடம் அது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கொரியர்களின் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை திறந்தது. 2012-ல் ஜெர்மானியர்களின் லாரி ஆலை. தென் மாவட்டத்துப் பையன் ஒருவரும், ஒடிசாவிலிருந்து வந்தவர் ஒருவரும், ஜப்பான் பொறியாளர் ஒருவரும் ஒரே மிஷினைச் சுற்றி நின்றால், மூவருக்கும் பொதுவாக இருப்பது அரைகுறை ஆங்கிலம்தான்.

இதில் ஓர் அதிசயம் இருக்கிறது. “தொட முடியாத அளவுக்குச் சூடு” என்று தமிழன் சொல்கிறான் அல்லவா? ஜப்பானியரும் அதே வரிசையில்தான் சொல்கிறார்: தொட முடியாத – அளவு – சூடு. நம் ‘அளவுக்கு’ நிற்கும் இடத்தில் அவர்கள் ‘ஹொதொ’ என்பார்கள். கொரியரும் விளைவை முன்னே சொல்லி, தன்மையைப் பின்னே வைப்பவர்தான். ஆங்கிலம் மட்டும் தலைகீழ்! ஆகவே ஒரகடத்தில் தமிழரும் ஜப்பானியரும் பேசும்போது, இவர் தம் வாக்கியத்தைக் கவிழ்த்துச் சொல்கிறார். அவர் அதைத் திரும்பக் கவிழ்த்துப் புரிந்துகொள்கிறார். ஆங்கில வாக்கிய அமைப்புகளை வகைப்படுத்தி 1954-ல் புகழ்பெற்ற நூல் வெளியிட்ட ஹார்ன்பி, 1924 முதல் பல ஆண்டுகள் ஜப்பானில் வாத்தியாராக இருந்தவர்.

பாடத்தைத் தொடங்க வேண்டிய இடம் ‘அளவுக்கு’தான். “இந்தச் சொல்லில் வாக்கியத்தை வெட்டு. பின்பாதியை ‘ஸோ’ போட்டு முன்னே வை. முன்பாதியை ‘தட்’ போட்டுப் பின்னே தள்ளு” என்று ஓர் ஐ.டி.ஐ. ஆசிரியர் கரும்பலகையில் ஒரே ஒரு வாக்கியத்தைக் கவிழ்த்துக் காட்டினால் போதும். ‘டூ–டு’ பக்கமே போக வேண்டாம். ஆங்கில வகுப்பில் தமிழே வரக்கூடாது என்ற பிடிவாதம் இந்த இடத்தில் உதவாது.

“வெரி ஹாட் தட்” என்று எழுதுகிறார்களே, அது ஏன்? காரணம் இருக்கிறது. “ஐ ஆம் வெரி ஹாப்பி தட் யூ கேம்” என்பது சரியான ஆங்கிலம். நீங்கள் வந்ததில் மகிழ்ச்சி என்று பொருள். அங்கே ‘தட்’ மகிழ்ச்சிக்குக் காரணத்தைச் சொல்கிறது, விளைவை அல்ல. மகிழ்ச்சி, வருத்தம், பயம் முதலிய மனத்தின் சொற்களுக்கு இந்தச் சலுகை உண்டு. சூடு, கனம், இறுக்கம் முதலிய பொருள்களின் சொற்களுக்குக் கிடையாது. பேரிங்குக்கு மனம் இல்லை. அதற்கு ‘ஸோ’தான் வேண்டும்.

‘டூ’ என்ற சொல்லையும் நாம் கெடுத்து வைத்திருக்கிறோம். பிரியாணி நன்றாக இருந்தால் “டூ குட்” என்கிறோம். ஷிப்டில் “போல்டு டூ டைட்” என்று ஒருவர் எழுதினால், நன்றாக இறுகியிருக்கிறது என்று பாராட்டுகிறாரா, வரம்பு மீறி முறுக்கிவிட்டார்கள் என்று எச்சரிக்கிறாரா?

எல்லாப் பழியையும் தொழிலாளி தலையில் போடுவது நியாயம் அல்ல. தொழிற்சாலையில் வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 108-வது பிரிவு சொன்னது. சுவரில் தொங்கும் பலகைக்கு இந்த நியாயம் என்றால், லாக் புத்தகத்துக்கு மட்டும் ஏன் வேண்டாம்? ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கட்டத்தைக் கூடுதலாகப் போட எத்தனை செலவு ஆகிவிடும்? பிட்டர் அதில் “கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு” என்று முதலில் தமிழில் எழுதட்டும். ஆங்கிலத்தை அதன் கீழே எழுதிப் பழகட்டும். ஒடிசாக்காரர் தம் மொழியில் எழுதட்டும். பேரிங் ஆறுகிற வரையில் மோட்டார் நிற்கும்.