படமாக வராத 356 பேர்

அக்கா மகள் ஃபிலடெல்ஃபியாவில் படிக்கிறாள். போன மாதம் வாட்ஸப்பில் நாலைந்து ஓவியங்களை அனுப்பி, "மாமா, இதப் பாருங்களேன்" என்றாள். எல்லாம் முகங்கள். 'சோல்ஸ் ஷாட்' என்று ஒரு கண்காட்சியாம். துப்பாக்கிச் சூட்டில் ஒருவரைப் பறிகொடுத்த குடும்பத்தோடு ஓர் ஓவியர் உட்கார்ந்து பேசுவார். இறந்தவர் எப்படி இருந்தார், எதற்குச் சிரிப்பார் என்று கேட்டுக் கேட்டு வரைவார். அந்தப் படங்களைப் பொது இடத்தில் மாட்டி வைக்கிறார்கள்.

"நம்ம ஊர்ல இந்தத் துப்பாக்கிக் கலாச்சாரமெல்லாம் இல்லப்பா" என்று பெருமையாகப் பதில் தட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். தூக்கம்தான் வரவில்லை.

செம்பூருக்கு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் அறிக்கையைப் படித்திருக்கிறேன். (பி.காம். படித்தவனுக்கு அறிக்கை என்றால் முதலில் அட்டவணையில்தான் கண் போகும்!) டிசம்பர் 1992, ஜனவரி 1993 கலவரத்தில் இறந்தவர்கள் 900 பேர். அதில் கத்திக்குத்தில் 347, தனியார் துப்பாக்கியில் 22, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 356. ஆக, அதிகம் பேரைக் கொன்றது துப்பாக்கிதான். அமெரிக்காவில் அது யார் கையிலும் இருக்கும், இங்கே சர்க்கார் கையில் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

சுடப்பட்ட எல்லோரும் அப்பாவிகள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சில இடங்களில் போலீஸ் தேவைக்கு மீறிச் சுட்டது என்று கமிஷனே எழுதியது. 1998-ல் அறிக்கை வந்தது, பரபரப்பாகப் பேசினார்கள், மறந்தார்கள்.

நிற்க. தாராவியில் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். கலவரத்துக்குப் பிறகு பாவு கோர்டேயும் வகார் கானும் மொஹல்லா கமிட்டி வேலையில் இறங்கினார்கள். நாலு மதத்து உடையில் நாலு குழந்தைகள் நிற்கிற 'ஹம் சப் ஏக் ஹைன்' போஸ்டர் வகார் கான் போட்டதுதான். இந்த இரண்டு நண்பர்களைப் பற்றி அஞ்சலி மொந்தேரோவும் கே.பி. ஜெயசங்கரும் 2003-ல் 'நாதா' என்ற ஆவணப்படம் எடுத்தார்கள். ரெண்டு பேரும் நம்ம தேவ்னார் டாடா இன்ஸ்டிட்யூட்டில் பாடம் எடுத்தவர்கள். 2015 பிப்ரவரி, மார்ச்சில் 'ஸ்நேஹா' அமைப்பு தாராவிக்குள்ளேயே ஒரு பினாலே நடத்தியது. வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைப் பெண்கள் ஊசி நூலால் துணியில் தைத்துக் காட்டினார்கள்.

அந்தப் போஸ்டரை மதிக்கிறேன். ஊர் பற்றி எரிந்த பிறகு "நாம ஒண்ணு" என்று சொல்லவே தைரியம் வேண்டும். ஆனால் அதில் செத்தவர் யாருமில்லை, எதிர்காலம் மட்டும்தான். என் கட்சி, துணியில் தைத்த பெண்கள் கட்சி. அடிபட்ட இடத்தைக் காட்டாமல் மருந்து எங்கே போடுவது?

மாட்டுங்காவில் காபி குடித்துக்கொண்டே இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர் எரிச்சலாகிவிட்டார். "முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு சார். ஆறின புண்ணை ஏன் கிளறணும்?" நியாயமான கேள்விதான். பேங்க் பாஷையில் பதில் சொன்னேன். வாராக்கடனை 'ரைட் ஆஃப்' செய்தால் பேலன்ஸ் ஷீட்டை விட்டுப் போகும், அவ்வளவுதான். கடன் அப்படியேதான் இருக்கும். நாம் ரைட் ஆஃப் செய்துவிட்டு, தள்ளுபடி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் சிரித்தார், ஒப்புக்கொள்ளவில்லை.

ஆறிவிட்டது என்று சொல்வது யார் என்பதையும் பார்க்க வேண்டும். கொலாபா லியோபோல்ட் கஃபேயில் 26/11 குண்டு துளைத்த ஓட்டைகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். நாமும் ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறோம், போட்டோ எடுக்கிறோம். அங்கே சுட்டவன் வெளிநாட்டுக்காரன், அதனால் காட்டலாம் போலிருக்கிறது. தூத்துக்குடியில் 2018 மே மாதம் 13 பேர் செத்தபோது, ஊர்க்காரன் என்பதால் எனக்கு நாலு நாள் சோறு இறங்கவில்லை. மாட்டுங்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற தாராவிக்காக ஒருவேளைகூட நான் பட்டினி கிடந்ததில்லை.

என் கிளைக்குத் தாராவியிலிருந்து ஒரு அம்மா வருவார். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. (வாடிக்கையாளர் விவரம் இதற்கு மேல் சொல்லக் கூடாது.) வருஷத்துக்கு ஒருதரம் ஒரு சின்ன டெபாசிட்டைப் புதுப்பிக்க வருவார். பாஸ்புக் கவருக்குள் பழைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அது கவுண்டரில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"எம் மவன்யா. அந்தக் கலவரத்துல போலீஸ் சுட்டுப் போயிட்டான்" என்றார்.

நான் "ம்" என்றேன். "இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா" என்றேன். பின்னால் எட்டு பேர் வரிசையில் நின்றார்கள், அது ஒரு சாக்கு.

ஃபிலடெல்ஃபியா ஓவியர் கேட்கிற கேள்விகளில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. பையன் பெயர் கேட்கவில்லை. வயசு கேட்கவில்லை. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நம் குழந்தைகள் எத்தனை பேர் ஓவிய வகுப்புக்குப் போகிறார்கள்! பிள்ளையாரும் மயிலும் வரைந்து வருகிறார்கள். அதில் பெரிய பிள்ளைகள் நாலு பேர் தாராவிக்குப் போய் இப்படிப்பட்ட அம்மாக்களோடு உட்கார்ந்தால் போதும், ஏதாவது ஒரு சங்கத்தின் ஹாலில் படங்களை மாட்டிவிடலாம். பெரிய செலவில்லை. வீட்டில் சொன்னேன். "முதல்ல நீங்க அந்த அம்மாகிட்ட கேளுங்க, அவங்க சரின்னு சொல்லட்டும்" என்றாள் மனைவி.

டெபாசிட் டிசம்பரில் முதிர்கிறது.