கையை மடக்கியது கிருமியா, காவல்காரனா?

முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டது உண்டா?

சுரீர் என்று மின்சாரம் பாய்ந்தது போல் இருக்கும். சுண்டு விரல் வரை விறுவிறுக்கும். கையை உதறிக்கொண்டு நிற்போம்.

இடிபட்டது எலும்பு அல்ல, ஒரு நரம்பு. முழங்கையின் உட்புறத்தில், எலும்பை ஒட்டி, தோலுக்கு மிக அருகில் அது ஓடுகிறது. சுண்டு விரலுக்கு உணர்ச்சி தருவது அந்த நரம்புதான். விரல்களை நீட்டவும் விரிக்கவும் உதவும் சின்னச் சின்னத் தசைகளை இயக்குவதும் அதுதான்.

தொழுநோய் அதிகமாகத் தாக்கும் நரம்புகளில் இதுவும் ஒன்று.

எங்கள் தெரு முனையில் ஒரு தையல்காரர் இருக்கிறார். என் சட்டைகள் எல்லாம் அவர் தைத்தவைதான். அவருடைய இடது முன்கையில் ஒரு தேமல் கண்டது. தொட்டால் உணர்ச்சி இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினார். "தொழுநோய்தான். பயப்படாதீர்கள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும்" என்றார்கள். மாத்திரையை இலவசமாகவே கொடுத்தார்கள்.

மூன்றாவது மாதம் தேமல் சிவந்தது. தடித்தது. முழங்கை வலித்தது.

"மாத்திரை ரொம்பச் சூடு, தம்பி. உடம்புக்கு ஒத்துக்கலே. நிறுத்திட்டேன்" என்றார் என்னிடம்.

"ஆமாண்ணே, சில பேருக்கு அப்படித்தான்" என்று நானும் தலையாட்டினேன். கல்லூரிப் படிப்பு படித்தவன் நான்!

ஒரு வருடத்தில் அவருடைய சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளே மடங்கிவிட்டன.

அந்தக் கையை மடக்கியது மாத்திரை அல்ல. கிருமி மட்டுமே செய்த வேலையும் அல்ல. அவருடைய உடம்பின் சொந்தக் காவல் படைதான் அதில் பெரும் பங்கு கொண்டது!

ஒளிந்திருக்கும் திருடன்

1873-ம் ஆண்டு, நார்வே நாட்டில் பெர்கன் என்ற ஊரில், ஆன்சன் என்ற டாக்டர் தொழுநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். அதுவரை அந்த நாட்டு டாக்டர்களில் பலர்கூட இதைப் பரம்பரை நோய் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

இது ஒரு சோம்பேறிக் கிருமி. மற்றக் கிருமிகள் பல, அரை மணி நேரத்தில் ஒன்று இரண்டாகிவிடும். இதற்கு ஏறக்குறைய 2 வாரம் வேண்டும். ஆகையால் நோய் வெளியே தெரியப் பல வருடங்கள் ஆகின்றன. குளிர்ச்சியான இடம்தான் இதற்குப் பிடிக்கும். அதனால் தோலிலும், தோலுக்கு அருகே ஓடும் நரம்பிலும் குடியேறுகிறது.

நரம்பு, மின்சாரக் கம்பி போன்றது. கம்பிக்கு மேலே ரப்பர் உறை இருக்கிறது அல்லவா? நரம்பு இழைக்கும் உறை உண்டு. அந்த உறையைச் செய்து காப்பாற்றும் உயிரணுவுக்கு 'ஷ்வான் அணு' என்று பெயர். கிருமி அதற்குள் புகுந்து சத்தம் இல்லாமல் உட்கார்ந்துகொள்கிறது.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 100 பேரில் ஏறக்குறைய 95 பேருக்கு, இந்தக் கிருமி உடம்பில் புகுந்தாலும் நோய் வராது. நோயாளியைப் பார்த்து ஒதுங்கி ஓடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

படை வருகிறது

ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள்தான் நம் காவல் படை. ஒரு நாள் அந்தப் படை திருடனை அடையாளம் கண்டுகொள்கிறது. திரண்டு வருகிறது. நரம்புக்குள் நுழைகிறது.

நரம்பு வீங்குகிறது. ஆனால் நரம்பைச் சுற்றியுள்ள கெட்டியான உறை அதிகம் விரிந்து கொடுக்காது. முழங்கையில் நரம்பு போகும் பாதையோ குறுகலான சந்து. வீங்கிய நரம்பு அங்கே நசுங்குகிறது. அதற்குப் போகும் ரத்தம் குறைகிறது. திருடனைப் பிடிக்க வந்த போலீஸ், வீட்டையே இடித்துவிட்ட கதைதான்!

இந்தச் சண்டையை டாக்டர்கள் 'ரியாக்‌ஷன்' என்கிறார்கள். இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில், பழைய தேமல்கள் சிவந்து தடிக்கும், நரம்பு வலிக்கும். தையல்காரருக்கு வந்தது இதுதான். இரண்டாவது வகை, உடம்பில் கிருமிகள் ஏராளமாக உள்ளவர்களுக்கு வருவது. தோலில் வலியுள்ள சிவந்த கட்டிகள் தோன்றும். காய்ச்சல் அடிக்கும். மூட்டுகளையும் கண்ணையும்கூட அது விடாது.

மாத்திரை சாப்பிடும்போது இது ஏன் வருகிறது? மாத்திரை கிருமியைக் கொன்றுவிடுகிறது. ஆனால் செத்த கிருமியின் துண்டுகள் உடம்பிலேயே கிடக்கின்றன. அவை முழுவதும் கரைந்து போகப் பல வருடங்கள்கூட ஆகலாம். படைக்கு உயிருள்ள திருடனும் ஒன்றுதான், செத்த திருடனும் ஒன்றுதான். பிணத்தோடு சண்டை போடுகிறது! மாத்திரையை முழுவதும் சாப்பிட்டு முடித்தவர்களுக்கும் பிறகு ரியாக்‌ஷன் வருவது இதனால்தான்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கர்ப்ப காலத்தில் தாயின் காவல் படை சற்று அடங்கி இருக்கும். வயிற்றில் உள்ள குழந்தை பாதி தந்தையின் அம்சம் அல்லவா? அதை அந்நியன் என்று படை தாக்கிவிடக் கூடாதே! பிரசவம் ஆனதும் படை மறுபடி விழித்துக்கொள்கிறது. தொழுநோய் உள்ள தாய்மாருக்கு, குழந்தை பிறந்த பின் வரும் மாதங்களில் முதல் வகை ரியாக்‌ஷன் அதிகமாக வருகிறது. எச்.ஐ.வி. நோயாளிகள் சிலருக்கு, மருந்தால் எதிர்ப்புச் சக்தி திரும்பும் சமயத்தில், மறைந்து கிடந்த தொழுநோய் தலைகாட்டுவதும் உண்டு.

"எதிர்ப்புச் சக்தி ஏற ஏற நல்லது" என்று கஷாயம் விற்கிறவர்கள் சொல்கிறார்களே, அவர்களை இந்த நோயாளிகளிடம் அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

மீன் சொன்ன சாட்சி

2017-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உள்ள லலிதா ராமகிருஷ்ணன். சிதம்பரத்தில் பிறந்து, 2009-ல் நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் தங்கை இவர்.

உடம்பில் வரி போட்ட ஒரு சின்ன மீன் உண்டு. நம் நாட்டு ஓடைகளிலும் வாழ்கிறது. அதன் குஞ்சு கண்ணாடி போல இருக்கும். உள்ளே நடப்பதை நுண்ணோக்கியில் அப்படியே பார்க்கலாம். அந்தக் குஞ்சுகளுக்குள் தொழுநோய்க் கிருமியைச் செலுத்தினார்கள். காவல் அணுக்கள் ஓடி வந்து கிருமியை விழுங்கின. கிருமியின் மேல் பூச்சில் உள்ள ஒரு பொருள் அவற்றை உசுப்பிவிட்டது. உடனே அவை நைட்ரிக் ஆக்சைடு என்ற ரசாயனத்தை அளவுக்கு மேல் சுரந்தன. பக்கத்தில் இருந்த நரம்பு அதனால் கெட்டது. அந்த ரசாயனத்தைத் தடுத்தபோது, சேதமும் குறைந்தது.

மீனில் கண்டது எல்லாம் மனிதனுக்கு அப்படியே பொருந்திவிடாது. ஆனாலும் காவல்காரன் கையில் கத்தியைப் பார்த்துவிட்டோம்.

விரல் அழுகுவதில்லை

நரம்பு செத்தால் உணர்ச்சி போகும். உணர்ச்சி போனால் சுட்டாலும் தெரியாது, குத்தினாலும் தெரியாது. 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளியின் விரல் தானாக அழுகி உதிர்வதில்லை என்று கண்டார். தெரியாமல் பட்ட காயங்கள்தான் விரலைத் தின்றன. சிலருடைய விரலை இரவில் எலி கடித்துக்கொண்டு போயிருக்கிறது, தூங்கியவருக்குத் தெரியவில்லை! பிறகு அவர்களுக்குப் பூனை கொடுத்தார்களாம்.

என் கருத்து

இன்று உலகில் புதிதாகத் தொழுநோய் காணும் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளி என்ற அளவுக்குக் கீழே நாடு வந்துவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் "நோய் போய்விட்டது" என்ற நினைப்பும் கூடவே வந்துவிட்டது.

மாத்திரை முடிந்ததும் நோயாளியின் பெயரை அடித்துவிடுகிறார்கள். கிருமிக் கணக்கில் அது சரி. நரம்புக் கணக்கில் அது தவறு. மாத்திரை முடிந்த பின்னும் குறைந்தது 2 வருடமாவது அவரைக் கூப்பிட்டுக் கையையும் காலையும் கண்ணையும் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். ஒரு நைலான் இழையால் தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்டால் போதும். விரலை விரிக்கச் சொல்லி, பாதத்தைத் தூக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லிப் பார்த்தால் போதும். வலியே இல்லாமல் நரம்பு கெடுவதும் உண்டு. ஆகவே நோயாளி வந்து சொல்லட்டும் என்று காத்திருப்பதில் பயன் இல்லை.

முதல் மாத்திரையைக் கொடுக்கும் அன்றே, "தேமல் சிவந்தால், நரம்பு வலித்தால், விரல் மரத்தால் ஓடி வாருங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்று சொல்ல வேண்டும். வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

ஏன் இந்த அவசரம்? படையை அடக்க மருந்து இருக்கிறது. பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை அது. நரம்பு பாதித்த 6 மாதத்துக்குள் தொடங்கினால் பலருக்குப் பலன் தெரியும். பிறகு என்றால் கடினம். இதை மருந்துக் கடையில் வாங்கி நாமாகச் சாப்பிடக் கூடாது. டாக்டர் பார்த்து, பல வாரங்கள் கொடுத்து, சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டிய மருந்து.

தையல்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு வருடம் ஆகிவிட்டது. மாத்திரையை மறுபடி தொடங்கி முடித்துவிட்டார். விரலை நிமிர்த்த ஆபரேஷன் உண்டாம். வேறு தசையின் நாரை மாற்றிக் கட்டுவார்களாம். நாள் குறித்திருக்கிறார்கள். விரல் நிமிர்ந்தாலும் உணர்ச்சி திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

இப்போது மகள்தான் மெஷினில் உட்காருகிறாள். அவர் அளவெடுத்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக் கொடுக்கிறார். கடை அடைக்கும் முன் விளக்கடியில் இடது கையை நீட்டுகிறார்.

"எங்கேயாவது ஊசி குத்தியிருக்கா, பாரும்மா."