விற்றபின் இல்லை என்பதா?

ஜோகுபாளையத்துத் தெரு ஒன்றில் மளிகைக் கடை. ஒரு தாய்மார் வந்து துவரம் பருப்பு விலை கேட்கிறார். கடைக்காரர் அவசரத்தில் பழைய விலையைச் சொல்லிவிடுகிறார். பருப்பை நிறுத்துப் பொட்டலம் கட்டி, பணத்தையும் வாங்கிக் கல்லாவில் போட்ட பிறகுதான் தவறு தெரிகிறது. அவர் என்ன செய்வார்? "சரி, எடுத்துக்கிட்டுப் போங்கம்மா. அடுத்த தடவை விலை கூட" என்பார். பையில் விழுந்த பருப்பைத் திரும்பப் பிடுங்க மாட்டார். பிடுங்கினால், மறுநாள் அந்தத் தெருவே அவர் கடைப்பக்கம் வராது.

அதே ஜோகுபாளையத்தில் இன்று வீட்டுக்கு வீடு செல்போனில் சாமான் வாங்குகிறார்கள். மிக்சி, குக்கர், பிள்ளைகளின் படிப்புக்கு மடிக்கணினி, தீபாவளிக்குத் துணி எல்லாம் அதில்தான். இந்தப் புதிய கடைக்கு முகம் கிடையாது. அது விலை போடுகிறது. பணத்தை வாங்கிக்கொள்கிறது. "உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது" என்று செய்தியும் அனுப்புகிறது. சில மணி நேரம் கழித்து, "விலையில் தவறு நேர்ந்துவிட்டது, ஆர்டர் ரத்து செய்யப்படுகிறது" என்று இன்னொரு செய்தி வருகிறது. அவ்வளவுதான்!

இது நியாயந்தானா?

ரூ.190-க்கு மடிக்கணினி

ஒடிசா மாநிலத்தில் நடந்த வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2014-ம் ஆண்டு டிசம்பரில், சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் அமேசான் நிறுவனத்தின் இணையக் கடையில் ஒரு மடிக்கணினியைப் பார்த்தார். அதன் விலை ரூ.23,499. தள்ளுபடி ரூ.23,309 போக, ரூ.190 கொடுத்தால் போதும் என்று போட்டிருந்தது. மாணவர் ஆர்டர் கொடுத்தார். உறுதி செய்யும் செய்தியும் வந்தது. சில மணி நேரத்தில், விலைப் பிரச்சினை என்று சொல்லி ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள்.

மாணவர் சும்மா இருக்கவில்லை. நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். மாவட்ட மன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அது போதாது என்று மாநில ஆணையத்துக்குப் போனார். "நாங்கள் சந்தை நடத்துகிறவர்கள் மட்டுமே, விற்பவர் வேறு ஒருவர்" என்று நிறுவனம் வாதாடியது. ஆணையம் அதை ஏற்கவில்லை. விளம்பரம் செய்து, அதைப் பார்த்து ஒருவர் ஆர்டர் கொடுத்து, அது உறுதியும் செய்யப்பட்டுவிட்டால், ஒப்பந்தம் முழுமை பெற்றுவிட்டது என்று சொன்னது. 2021 ஜனவரியில் வந்த உத்தரவில், மன உளைச்சலுக்கு ரூ.30,000, தண்டனையாக ரூ.10,000, வழக்குச் செலவுக்கு ரூ.5,000 என மொத்தம் ரூ.45,000 கொடுக்கும்படி கூறியது.

தீர்ப்பு வரவேற்கத்தக்கது. ஆனால் 190 ரூபாய் வழக்குக்கு ஆறு ஆண்டுகள்! சட்டம் படித்தவர் என்பதால் அவர் போராடினார். கூலி வேலைக்குப் போகிறவரும், கடையில் கணக்கு எழுதுகிறவரும் ஆறு ஆண்டுகள் அலைய முடியுமா?

பெங்களூர் வாசிகளுக்கும் இந்த அனுபவம் புதிதல்ல. 2007-ல் இந்நகரில் தொடங்கிய பிளிப்கார்ட் நிறுவனம், 2014 அக்டோபர் 6-ந் தேதி நாடு முழுவதற்கும் மாபெரும் தள்ளுபடி விற்பனை என்று அறிவித்தது. பத்து மணி நேரத்தில் ரூ.600 கோடிக்கு விற்பனை நடந்ததாக நிறுவனமே சொன்னது. அதே நாளில் இணையதளம் திணறியது. கண்முன்னே விலைகள் மாறின. கொடுத்த ஆர்டர்கள் ரத்தாயின. மறுநாள் நிறுவனர்கள் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார்கள். விலை மாறியதையும், ஆர்டர்கள் ரத்தானதையும் ஒப்புக்கொண்டார்கள். மன்னிப்புக் கேட்டது பெருந்தன்மைதான். ஆனால் அன்று ஏமாந்தவர்களுக்கு அந்தக் கடிதத்தால் பொருள் வீடு வந்து சேரவில்லையே!

சட்டம் என்ன சொல்கிறது?

கடையில் விலைச் சீட்டு தொங்குவது, வாங்க வரும்படி விடுக்கும் அழைப்புத்தான். வாங்குகிறவர் "இதை எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்வதே கோரிக்கை. கடைக்காரர் அதை ஏற்றுக்கொண்டால்தான் ஒப்பந்தம். இது பழைய சட்டக் கொள்கை. ஆகவே கேள்வி இதுதான்: பணத்தையும் வாங்கிக்கொண்டு, "உறுதி செய்யப்பட்டது" என்று செய்தி அனுப்புவது ஏற்றுக்கொண்டதாக ஆகுமா, ஆகாதா?

ஆகாது என்கின்றன பல நிறுவனங்கள். பொருளை அனுப்பிவைக்கும்போதுதான் ஒப்பந்தம் உண்டாகிறது என்று தங்கள் விதிமுறைகளில் எழுதி வைத்திருக்கின்றன. பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் ஓடும் அந்த விதிமுறைகளைப் படித்துவிட்டுப் பொத்தானை அழுத்துகிறவர் ஆயிரத்தில் ஒருவர் இருப்பாரா? பணத்தை வாங்கும்போது மட்டும் விற்பனை, பொருளைக் கொடுக்கும்போது வெறும் பேச்சுவார்த்தை என்றால் அது என்ன வியாபாரம்?

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 22-வது பிரிவில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரு தரப்பார் மட்டும் விவரம் தவறி நடந்துகொண்டார் என்பதற்காகவே ஓர் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட முடியாது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், கொடுக்கும் எண்ணம் இல்லாமலே மலிவு விலையை விளம்பரம் செய்வதை நியாயமற்ற வணிகம் என்கிறது.

2020 ஜூலையில் வந்த இணைய வணிக விதிகளில் ஓர் ஓட்டை இருக்கிறது. வாடிக்கையாளர் ஆர்டரை ரத்து செய்தால் கட்டணம் வசூலிக்கும் நிறுவனம், தானே ரத்து செய்தாலும் அதேபோன்ற கட்டணத்தை ஏற்க வேண்டும் என்கிறது விதி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்காத நிறுவனம், நூறு ஆர்டர்களை ரத்து செய்தாலும் இந்த விதியின்படி ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை! இந்த ஓட்டையை மத்திய அரசு அடைத்தாக வேண்டும்.

வாங்குகிறவருக்கும் நியாயம் உண்டு

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 2003 ஜனவரியில் ஒரு நிறுவனம், 3,854 வெள்ளி விலையுள்ள லேசர் பிரின்டரைத் தவறுதலாக 66 வெள்ளி என்று போட்டுவிட்டது. ஊழியர் ஒருவர் பயிற்சியின்போது பதித்த எண், உண்மை விலையாகவே இணையதளத்தில் ஏறிவிட்டது. விடிவதற்குள் சேதி பரவியது. 784 பேர் 4,086 பிரின்டர்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். அவர்களில் ஆறு பேர் மட்டும் கேட்டது 1,606! ஒரு வீட்டுக்கு எதற்கு இத்தனை பிரின்டர்?

நிறுவனம் மறுத்தது. ஆறு பேரும் வழக்குப் போட்டார்கள். 2004-ல் நீதிபதி வி.கே. ராஜா அவர்கள் வழக்கைத் தள்ளுபடி செய்தார். விலை தவறு என்று தெரிந்துகொண்டே, அந்தத் தவறைப் பயன்படுத்திக் கொள்ளை லாபம் பார்க்க முயன்றவர்களுக்கு ஒப்பந்தம் துணை நிற்காது என்பது தீர்ப்பின் சாரம். 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. தீர்ப்பு நியாயமானதே.

அதுமட்டுமல்ல. இணையச் சந்தையில் விற்பவர்கள் எல்லாரும் பெரும் முதலாளிகள் அல்ல. சிவாஜி நகரில் சிறு கடை வைத்திருப்பவரும் அதில் பொருள் போடுகிறார். விலையில் ஒரு சைபர் விட்டுப்போனால், ஒரே இரவில் அவருடைய முதல் முழுவதும் போய்விடும். அவரைத் தெருவில் நிறுத்துவது நியாயம் ஆகாது.

ஆனால், தவறு என்று வாங்குகிறவர் எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு ரூபாய்க்குப் பொருள் என்றும், தொண்ணூறு சதவீதம் தள்ளுபடி என்றும் பண்டிகைதோறும் கூவுகிறவர்கள் இந்த நிறுவனங்களே. எது உண்மையான சலுகை, எது கைத்தவறு என்று சாமானியர் சோதிடம் பார்த்தா வாங்க முடியும்? வீட்டுத் தேவைக்கு ஒன்றே ஒன்று வாங்கியவரையும், தவறு தெரிந்து நூறு வாங்கியவரையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

நல்ல முன்னுதாரணங்களும் இருக்கின்றன. 2002-ல் பிரிட்டனில் கோடக் நிறுவனம், 329 பவுன் கேமராவை 100 பவுன் என்று தவறாகப் போட்டது. முதலில் மறுத்தது. எதிர்ப்பு வலுத்ததும், உறுதிச் செய்தி பெற்றவர்களுக்கு 100 பவுனுக்கே கொடுத்தது.

ரயில் நிலையத்தில் கையால் சீட்டு எழுதிக் கொடுக்கும் கிளார்க், அவசரத்தில் கட்டணத்தைக் குறைத்து வாங்கிவிட்டால் என்ன ஆகும்? தணிக்கையில் அது "டெபிட்" என்று வந்து நிற்கும். அவர் சம்பளத்திலிருந்து பிடிப்பதும் உண்டு. மாதச் சம்பளக்காரர் தன் கைத்தவறுக்குத் தானே பணம் கட்டுகிறார். கோடிக்கணக்கில் வியாபாரம் செய்யும் நிறுவனத்தின் கைத்தவறு மட்டும் வாங்குகிறவர் தலையில் விடியலாமா?

செய்ய வேண்டியவை

முதலாவதாக, விலையைச் சரிபார்க்கும் வேலை ஆர்டரை உறுதி செய்வதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். நேற்று 23,000 ரூபாய்க்கு விற்ற பொருள் இன்று 190 என்றால், நிறுத்திக் கேட்கும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைப்பது கடினமான காரியம் அல்ல.

இரண்டாவதாக, ரத்து செய்தால் பணம் அன்றைக்கே திரும்ப வேண்டும். வாங்கும்போது நொடியில் போகும் பணம், திரும்பி வர மட்டும் நாள் கணக்கில் ஆவது ஏன்? மாதக் கடைசியில் குடும்பம் நடத்துகிறவருக்கு அந்தச் சில நாட்கள் பெரும் கஷ்டம்.

மூன்றாவதாக, தன் தவறால் ரத்து செய்யும் நிறுவனம், வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ஒரு குறிப்பிட்ட இழப்பீட்டைத் தானாகவே கொடுக்க வேண்டும். அதற்காக ஆறு ஆண்டு வழக்கு வேண்டாம்.

பொதுமக்களும் விழிப்போடு இருக்க வேண்டும். விலை போட்டிருக்கும் பக்கத்தையும், உறுதிச் செய்தியையும், ரத்துச் செய்தியையும் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினால், 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக அவர் தெரிவிக்க வேண்டும்; ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அதுவே விதி. பலன் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணைக் கூப்பிடலாம். கன்னடத்திலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எங்கிருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ரூ.5 லட்சம் வரை மதிப்புள்ள பொருளுக்கு மனுக் கட்டணமும் இல்லை.

ஜோகுபாளையத்தை அடுத்த அல்சூர் ஏரிக்கரையில், 2009 முதல் திருவள்ளுவர் சிலை நிற்கிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகருக்கு அழகு என்று சொன்னவர் அவர். ஏரிக்கரைத் தெருக்களில் தினமும் பொட்டலங்களோடு ஓடும் இணைய வியாபாரிகளின் வண்டிகள் அந்தச் சிலையைக் கடந்துதான் போகின்றன. அந்த நிறுவனங்களை நடத்துகிறவர்களும் ஒரு முறை நின்று அதை நினைத்துப் பார்த்தால் நல்லது. அண்ணாச்சி கடையில் இருக்கும் நாணயம், ஆன்லைன் கடையிலும் இருக்க வேண்டும்!