நடுநிலையா, நழுவலா?

உக்ரேனின் டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க், கெர்சன், சபோரீஷியா ஆகிய நான்கு பிராந்தியங்களையும் 2022 செப்டெம்பர் 30ஆம் திகதி அயல்நாடான ரஷ்யா தன்னுடையவை எனப் பிரகடனஞ் செய்தது. அது செல்லாதென ஒக்டோபர் 12ஆம் திகதி ஐ.நா. பொதுச்சபையில் 143 நாடுகள் வாக்களித்தன. 5 நாடுகள் எதிர்த்தன. 35 நாடுகள் வாக்களியாது ஒதுங்கின. ஒதுங்கியவற்றுள் இலங்கையும் ஒன்று! 2014இல் கிரைமியா விடயத்திலும் நமது அரசாங்கம் இவ்வாறே ஒதுங்கியது.

இதற்கு அணிசேராமை என்று பெயராம். வல்லரசுகளின் முகாம்களிற் சேராதிருப்பது அணிசேராமை; அபகரிப்புக்கும் சட்டத்துக்கும் நடுவே நிற்பது அணிசேராமையாகுமா? ரஷ்யா நமது தேயிலையை வாங்குகிறதே என்பர். தெல்தோட்டையிலிருந்து எழுதும் நமக்குத் தேயிலையின் அருமை தெரியாததன்று. ஆயினும், சரக்கை விற்பது வேறு. வாக்கை விற்பது வேறு.

துப்பாக்கி நிழலில் நடந்த வாக்கெடுப்பை மக்கள் தீர்ப்பென்று நாம் எங்ஙனம் ஏற்போம்? 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையக மக்கள் 975,000 பேரை, அவர்களைக் கேளாமலே, 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பின்னர் பார்ப்போம் என்று கூறுபோட்டது. கேளாது கூறுபோடப்பட்டவரின் வேதனையை நாம் அறிவோம்.

சிறிய நாட்டுக்குப் படையன்று, சட்டமே அரண். அவ்வரணைப் பிறருக்கு மறுப்போர், நாளை தமக்கொரு இடர் வருங்கால் எதனைச் சுட்டி நீதி கேட்பர்?