வார்னிங்தானே, விடலாமா? 'ராமேஸ்வரம்' சொல்லும் 30 பைட் பாடம்

பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் கூண்டு ஏறினால், தூரக் கடலில் ஏதோ உருவாகிறது என்று அர்த்தம். உடனடி ஆபத்து இல்லை. ஆனாலும் 1964-ல் தனுஷ்கோடியைப் பறிகொடுத்த கரைக்கு அதன் மதிப்பு தெரியும். மென்பொருள் அலுவலகங்களிலோ, "பில்டு ஆயிடுச்சுல்ல, வார்னிங்தானே, விடு" என்பது அன்றாடப் பேச்சு.

சிக்கல் எங்கே?

சி மொழியில் ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதைப் பூஜ்ஜிய பைட் ஒன்றுதான் காட்டும். 'ஸ்டர்-என்-காப்பி' ஃபங்ஷன் சொன்ன அளவுக்கு மேல் நகலெடுக்காது என்பதால், பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் சொல் அந்த அளவை முழுதாக நிரப்பிவிட்டால், அது முடிவுக்குறி போடாது. பழைய யூனிக்ஸில் கோப்புப் பெயருக்கான 14 பைட் கட்டம் போன்றவற்றை நிரப்பப் பிறந்தது அது.

'ராமேஸ்வரம்' 6 எழுத்து. யூனிகோடில் 10 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட் வீதம் 30 பைட். ஆங்கிலத்தில் 10 பைட்தான் என்பதால், 30 ஒதுக்கியவர் தாராளமாகவே ஒதுக்கியதாக நினைப்பார். முடிவுக்குறிக்கு இடமே இருக்காது. அச்சிடும்போது நிரல் நிற்காமல் பக்கத்து நினைவகத்தையும் படிக்கும். வேறொருவரின் விவரம் கசியலாம், நிரலே முறிந்தும் போகலாம். 33 பைட் 'ராமநாதபுரம்' என்றால், கடைசி 'ம்' புள்ளியையும் இழக்கும்.

கம்பைலர் என்ன சொல்கிறது?

2018-ல் வந்த ஜிசிசி 8, நகலெடுக்கும் அளவும் இடத்தின் அளவும் ஒன்றாக இருந்தால் எச்சரிக்கிறது. மீதமுள்ள இடத்தைக் கேட்கும் 'ஸ்டர்-என்-கேட்' ஃபங்ஷனுக்கு மொத்த அளவைக் கொடுத்தாலும் எச்சரிக்கும்.

என்ன செய்யலாம்?

அளவில் ஒன்றைக் கழித்தால் வார்னிங் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் கடைசி பைட்டில் பூஜ்ஜியம் வைக்காவிட்டால் பிழை அப்படியேதான் இருக்கும். கூண்டு மட்டும் இறங்கியிருக்கும். 'எஸ்என்-பிரிண்ட்எஃப்' முடிவுக்குறியும் போடும், முழுச் சொல்லின் நீளத்தையும் திருப்பித் தரும். அந்த எண்ணைப் பார்த்தால் சொல் அறுந்ததா என்று தெரிந்துவிடும். லினக்ஸ் கெர்னலும் 'ஸ்டர்-என்-காப்பி'யைத் தவிர்க்கவே சொல்கிறது.

புயல் நெருங்கினால் மீன்வளத் துறை டோக்கனை நிறுத்தும், படகு கிளம்பாது. வார்னிங்கை எரராக மாற்றி, பில்டை நிறுத்தும் வசதி கம்பைலரிலும் உண்டு. தமிழ்ப் பெயர்களைக் கையாளும் அணிகள் இந்த வகை வார்னிங்குகளுக்காவது அதை இயக்கியே ஆக வேண்டும். ஆங்கிலப் பெயரை வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை தலைகாட்டாமலே போகலாம். மாட்டிக்கொள்வது தமிழில் பெயர் எழுதுபவர்தான்.